சனாவுல்லா பாயின் கார் புகைந்தது

ஏஞ்சலின் எட்டு வருடங்களாக ஒரே ஒரு வேண்டுதலைத்தான் வைத்திருந்தாள். பழனிக்குமார் அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும். நின்று கெஞ்ச வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போதெல்லாம் இதையும் ஒரு பாவமாகச் சொல்லிவிடுவாள். "அவருக்காக ஜெபம் பண்ணும்மா" என்பார் பங்குச் சாமியார். ஏஞ்சலினும் சொல் தட்டாமல் முழந்தாளிட்டு ஜெபம் பண்ணுவாள். 'ஆண்டவரே, அந்த ஆளுக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுசையும் தாரும். நான் பழி தீர்க்கிற நாள் வரைக்கும் அவனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.'

அந்த வேண்டுதல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பலித்தது.

திண்டுக்கல் நத்தம் ரோட்டில் ஒரு டயர்க் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் இருந்தது அவள் கடை. டீசல் வண்டிகளின் இன்ஜெக்டர்களைச் சோதித்துப் பழுது சொல்லும் கடை. இன்ஜெக்டர் என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரும்புக் குழல். எஞ்சினுக்குள் டீசலைத் தூவுவது அதன் வேலை. காரில் நான்கு இருக்கும். பனி மாதிரித் தூவினால் வண்டி சொன்னபடி கேட்கும். தூவாமல் சொட்டினால் உள்ளே நெருப்பு ஒரே இடத்தில் நின்று எரிந்து பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். எது தூவுகிறது, எது சொட்டுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் ஏஞ்சலின் பிழைப்பு.

அன்று அந்த வாசலுக்கு ஒரு சாம்பல் நிறக் கார் கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள். அதிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் ஏஞ்சலின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கால்மேல் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை அவளுக்கு.

நரை கூடியிருந்தது. தொப்பை போட்டிருந்தான். ஆனால் அதே பழனிக்குமார்.

*

ஏஞ்சலின் முத்தழகுபட்டிப் பெண். லாரி டிரைவரின் மகள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்தவள். 'டீசலு' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் அதற்காக அழவில்லை; பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

இருபத்தோரு வயதில் பழனிக்குமாரின் டீசல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருடம் அங்கேதான். பம்பைக் கையால் அடித்து அடித்து இன்ஜெக்டரின் மூக்கான நாசிலைச் சோதிக்கும் பழைய கருவியில் தொடங்கி, கம்ப்யூட்டர் வைத்த பெரிய மிஷின் வரைக்கும் அவள் கை படாத ஒன்று அங்கே இல்லை. நாசில் 'கர்ர்' என்று சத்தம் போடும் விதத்தை வைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவாள். "எங்க ஏஞ்சலின் காது வச்சாப் போதும்ணே, டாக்டரு நாடி பிடிச்ச மாதிரி" என்று பழனிக்குமாரே வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவான். வாய்க்கு வாய் தங்கச்சி. அவள் கல்யாணத்துக்கு, சொந்த அண்ணன் இல்லாத குறை தெரியக்கூடாது என்று தாம்பாளத்தில் வேட்டி சேலை வைத்து, மேளத்தோடு வந்து சீர் செய்தவன் அவன். அந்தச் சேலையைத்தான் அவள் முதல் கிறிஸ்துமஸுக்குக் கட்டினாள்.

அதனால்தான் அந்தக் காயம் ஆறவே இல்லை.

அகரத்து விவசாயி நல்லுசாமி, முருங்கையும் கத்தரிக்காயும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்ட ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். அந்த வண்டியின் நான்கு இன்ஜெக்டர்களும் சோதனைக்கு வந்தன. மூன்றாவது சொட்டியது. ஏஞ்சலின் வழக்கப்படி அதன் தலையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து, "இதக் கழிச்சாச்சுண்ணே, மாட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். கடையில் மாற்றுப் பீஸ் இல்லை. நல்லுசாமியோ காய் வாடுகிறது என்று வாசலில் நின்று பறந்தார். பழனிக்குமார் தின்னர் தொட்டு அந்தச் சிவப்புக் கோட்டைத் துடைத்தான். அதையே மாட்டி அனுப்பினான்.

பதினோராம் நாள், ரெட்டியார்சத்திரம் தாண்டி, நட்டநடு ரோட்டில், காய் லோடோடு எஞ்சின் செத்தது. பிஸ்டனில் விரல் நுழையும் ஓட்டை.

மறுநாள் நல்லுசாமியும் மனைவி அய்யம்மாளும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பழனிக்குமார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மிசின்ல பார்த்து ஓகே சொன்னது இந்தப் பிள்ளைதான். ஒரு பொம்பளைய நம்பி மிசினக் குடுத்தேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றான்.

ஏஞ்சலின் வாய் திறந்து பேசுவதற்குள் அய்யம்மாள் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள். "என் குடியக் கெடுத்தவளே! உன் வயிறு வெளங்குமாடி?" என்று கத்திக்கொண்டே தூற்றினாள். மண் ஏஞ்சலினின் தலையில் விழுந்தது. முகத்தில் விழுந்தது. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். நாலு வருடம் காத்திருந்து தரித்த கர்ப்பம். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள். பழனிக்குமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை தங்கவில்லை. ரத்த அழுத்தம் கூடிப்போனது காரணம் என்று டாக்டரம்மா சொன்னார். சாபத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கணவன் கஸ்பார் ராப்பகலாகச் சொன்னான். ஏஞ்சலின் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் தலைக்குள் மண் விழுந்துகொண்டே இருந்தது.

அய்யம்மாள் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. யார் வயிற்றெரிச்சலோ, யார் மேலோ விழ வேண்டியது. அதைத் தன் பக்கம் திருப்பிவிட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவன்!

பழனிக்குமார் அதோடு விடவில்லை. யார் விசாரித்தாலும், "ஏஞ்சலினா? எஞ்சினக் கொன்ன பொம்பளையாச்சே" என்றான். ஊரில் ஒரு பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்டாக இருக்கும் கஸ்பார், இரண்டு வருடம் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பொறுக்க முடியாமல், தன் பங்கு நிலத்தை விற்றுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய மிஷினை வாங்கிவந்து இறக்கினான். கரூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் லாரிக்காரர்கள் வந்தார்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவன்கூட வரவில்லை.

*

"இந்தாம்மா, நீதான ஏஞ்சலினு?" காரை விட்டு இறங்கிய பெரியவர் கேட்டார். பேகம்பூர் சனாவுல்லா பாய். வெங்காய மண்டி வைத்திருப்பவர்.

"ஆமா பாய்."

"இந்த மனுசன் என் காருக்கு டூப்ளிகேட் இன்ஜெக்டர மாட்டி விட்டுட்டாரும்மா. நாலும் புதுசாம். மாட்டுன மூணா நாளு புகை. கொசு மருந்து வண்டி வருதுன்னு நெனச்சுத் தெருப் பிள்ளைகளெல்லாம் பின்னாடியே ஓடியாருதுக."

"ஒரிஜினல் பாய்!" பழனிக்குமார் பதறினான். "உங்க கண்ணு முன்னாடிதான பெட்டியப் பிரிச்சேன்? என் கையாலதான மாட்டுனேன்?"

"பெட்டி ஒரிஜினலு. உள்ள இருந்தது?" பாய் ஏஞ்சலின் பக்கம் திரும்பினார். "அவரு மிசின்லயே பார்த்துட்டு நல்லாருக்குன்றாரு. அதை நான் நம்பணுமாம். வேற எங்க இந்த மிசின் இருக்குன்னு விசாரிச்சேன். உன் கடையச் சொன்னாக. உனக்கும் இவருக்கும் ஆகவே ஆகாதுன்னும் சொன்னாக. சரி, நமக்கு ஏத்த கடை இதுதான்னு இழுத்தாந்துட்டேன். ஆகாத ஆளக் காப்பாத்தவா நீ பொய் சொல்லப் போற?"

"வர்ற ஞாயித்துக்கிழமை இவரு மெக்கானிக் சங்கத் தலைவருக்கு நிக்கிறாராம்" என்று பாய் தொடர்ந்தார். "நீ கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடு. அதே மேடையில ஏறி நான் வாசிச்சுக் காட்டுறேன்."

ஏஞ்சலினுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. ஆண்டவர் பிச்சையாகப் போடவில்லை; இலை போட்டு விருந்தே வைத்திருக்கிறார்!

பழனிக்குமார் ஒரு அடி முன்னால் வந்தான். "நல்லாருக்கியா தங்கச்சி?"

"மூணாம் மனுசருக்கெல்லாம் இங்க தங்கச்சி கெடையாது. அப்படி ஓரமா நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

டீக்கடையிலிருந்து இரண்டு மூன்று பேர் கிளாசோடு வந்து நின்றுகொண்டார்கள்.

எஞ்சின் மூடியைத் திறந்து அவளே நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றினாள். ஒரு வெள்ளைத் துணியில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று வரிசையாகப் படுக்க வைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டாவதில் அவள் கண் நின்றது. மற்ற மூன்றிலும் மூக்கில் கரி ஏறியிருந்த உயரம் ஒன்றுபோல் இருந்தது. இரண்டாவதில் மட்டும் ஒரு நூல் குறைவு.

ஏன் குறைவு என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் முகம் அசையவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

முதல் இன்ஜெக்டரைப் பூட்டி, கண்ணாடி மூடியை இறக்கி, அழுத்தத்தை ஏற்றினாள். மிஷின் உறுமியது. சொட்டுகிறதா? இல்லை. தூவல்? வெள்ளைப் புகை போல, நான்கு பக்கமும் சமமாக. கண்ணாடிக் குழாயில் ஏறும் அளவு? அச்சு அசலாக இருக்க வேண்டிய அளவு. திரும்பி வரும் டீசல்? அளவுக்குள்.

இரண்டாவதும் நன்றாக இருந்தது. மூன்றாவதும்.

ஒவ்வொன்றும் தேறத் தேற அவளை யாரோ கன்னத்தில் அறைவது போலிருந்தது. சொட்டித் தொலையேன்! ஒன்றாவது சொட்டேன்! ஆறு வருடமாக நூற்றுக்கணக்கான இன்ஜெக்டர்கள் இந்த மிஷினில் சொட்டியிருக்கின்றன. இன்றைக்குப் பார்த்து நான்கும் தங்கம் மாதிரி நிற்க வேண்டுமா? நான்காவதை இரண்டு தடவை ஓட்டினாள். இரண்டு தடவையும் தேறியது.

சரக்கு அசல். இந்த ஒரு விஷயத்தில் பழனிக்குமார் சொன்னது சத்தியம்.

கஸ்பார் மத்தியானச் சாப்பாட்டோடு வந்தான். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"என்ன, அகப்பட்டானா?"

"நாலும் நல்ல பீசுங்க."

"அட, கெரகமே!"

"ஒரு எழுத்து மாத்தி எழுதினாப் போதும். மூணாவது சொட்டுதுன்னு எழுதிட்டா, ஞாயித்துக்கிழமையோட அந்தாளு கதை முடிஞ்சுது. அவன் அன்னைக்குச் செஞ்சானே, அதே மாதிரி."

கஸ்பார் டிபன் டப்பாவை மூடித் திறந்து மூடினான். "எழுதேன். நான் என்ன, சாமியாரா? இந்தக் கையெழுத்துக்காக எம்புட்டு நாளாக் காத்திருக்க! வெஞ்சனம் ஆறுது, முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. ரிப்போர்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூன்றாவது கட்டத்துக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் அது அவள் நெஞ்சில் உறைத்தது.

'ஏஞ்சலின் டெஸ்ட் பண்ணுனா தப்பாத்தான் இருக்கும்.' இதைத்தானே எட்டு வருடமாக அவன் ஊரெல்லாம் சொன்னான்? இன்றைக்குப் பொய்யாக ஒரு எழுத்து எழுதினால், அவன் சொன்ன பொய்யை என் கையாலேயே நான் நிஜமாக்கியவள் ஆவேனே! இவனுக்காக நான் கெடுவதா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

நான்கு கட்டத்திலும் 'நன்று' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்ததைக் கஸ்பார் பார்த்தான். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பயமாக இருந்தது.

*

"பாய், நாலு இன்ஜெக்டரும் ஒரிஜினல். ஒரு பழுதும் இல்ல."

பழனிக்குமாருக்கு உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிடவே போய்விட்டான். "கேட்டீகளா பாய்? நான் சொன்னேன்ல? நீ நல்லாருப்ப தங்கச்சி!"

ஆனால் சனாவுல்லா பாய் தாளை வாங்கவே இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யா அல்லா, செத்த பொறுங்க. எனக்கு ஒரு கணக்கு இடிக்குது. ஏம்ப்பா பழனிக்குமாரு, ஏழெட்டு வருசமா உன் கடைக்கு வாரேன். நத்தம் ரோட்டுல ஒரு பொம்பளை மிசின் வச்சிருக்காமேன்னு நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன? 'அந்தப் பக்கம் போயிராதீங்க பாய், அவ சொட்டுற இன்ஜெக்டர நல்லதுன்னு சொல்லி ஒரு எஞ்சினையே கொன்னவ'ன்னு சொன்னியா இல்லியா?"

பழனிக்குமார் கிளாசோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப இந்தத் தாளு எனக்கு எதுக்கு? அந்தப் பிள்ளைக்குப் பார்க்கத் தெரியாதுன்னா, இந்த நல்லதும் பொய்தான. உன் இன்ஜெக்டரு டூப்ளிகேட்டுதான். இல்ல, அந்தப் பிள்ளைக்குப் பார்க்கத் தெரியும்னா, அன்னைக்கு நீ சொன்னது பொய். ரெண்டுல எது?"

"பாய்... அது வந்து..."

"வண்டி புகையுதா இல்லையா? புகையுது. ஞாயித்துக்கிழமை நான் மேடைக்கு வாரேன்."

பழனிக்குமார் ஏஞ்சலினைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் எட்டு வருடம் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். "நீ சொல்லு தங்கச்சி... நீ பார்த்தது சரிதான்னு பாய்ட்டச் சொல்லேன்."

ஏஞ்சலின் ஒரு பழைய துணியை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். "நான் பார்த்தது சரியா தப்பான்னு நானே எப்படிச் சொல்றது? பன்னெண்டு வருசம் என்கிட்ட வேலை வாங்குனவரு நீங்க. உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க."

டயர்க் கடைக்காரரும் இப்போது வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"சரியாத்தான் பார்ப்பா" என்று முனகினான் பழனிக்குமார்.

"பாய்க்குக் கேக்கலையாம்."

"சரியாத்தான் பார்ப்பான்றேன்!"

"அப்ப அந்த எஞ்சினு?" பாய் விடவில்லை.

பழனிக்குமாரின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. "அது... ஏஞ்சலினு கழிச்ச பீசு பாய். சொட்டுதுன்னுதான் சொன்னா. நான்தான் கோட்ட அழிச்சுட்டு மாட்டிட்டேன்."

"எந்த வண்டியில?" ஏஞ்சலின் கேட்டாள்.

"அகரத்து நல்லுசாமி வண்டியில."

"எத்தனாவது இன்ஜெக்டரு?"

"மூணாவது. விடு தங்கச்சி..."

"அப்புறம் யாரு மேல சொன்னீக?"

அவன் தலை குனிந்தான். "உன் மேல."

டீக்கிளாசைப் பிடித்திருந்த ஒருவர், "அடப்பாவி! நானே ஆறு லாரிக்காரங்கள இந்தக் கடைக்குப் போகாதீங்கடான்னு திருப்பி விட்டிருக்கேனே" என்றார். ஏஞ்சலின் காதுக்கு அது கோயில் மணி போலக் கேட்டது.

பிறகு அவள் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தாள். நுனியைக் கொக்கி மாதிரி வளைத்தாள். காரின் எஞ்சினருகே போய், இரண்டாவது இன்ஜெக்டர் இருந்த துளைக்குள் அதை இறக்கினாள். கொஞ்சம் திருகினாள். நெம்பினாள். கரி அப்பிய ஒரு செம்பு வளையம் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. பழனிக்குமாரின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"இன்ஜெக்டருக்கு அடியில போடுற காப்பர் வாஷரு பாய். பழசு உள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அத எடுக்காம மேலயே புதுசப் போட்டு மாட்டிட்டாரு. இன்ஜெக்டரு ஒரு நூல் மேல தூக்கி நின்னுருச்சு. டீசலு விழ வேண்டிய எடத்துல விழல. அதான் புகை. இன்ஜெக்டர்ல குத்தமில்ல. மாட்டுன கையில குத்தம். சேந்த முதல் வாரமே பழைய வாஷர எண்ணி எடுக்கச் சொல்லிக் குடுப்பாக."

பழனிக்குமார் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெதுவாக அவன் கண் விரிந்தது. "இது... உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கழட்டும்போதே தெரியும்."

"அப்ப இதக் காட்டியிருந்தாலே பாய் நம்பியிருப்பாரே! நான் அதெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதே இல்லையே!"

"ஆமா" என்றாள் ஏஞ்சலின். "இல்ல."

சனாவுல்லா பாய் ஒரு நொடி திகைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

*

இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது மணி மூன்று. எஞ்சின் ஒரே விசையில் எழுந்தது. புகை இல்லை.

"டிரையல் பார்க்கணும் பாய். கரூர் ரோட்டுல ஒரு பத்துக் கிலோமீட்டர் போவோம். மாட்டுனவரும் வரட்டும்."

பாய் ஓட்டினார். பழனிக்குமார் முன்னால் உட்கார்ந்தான். ஏஞ்சலின் பின்னால். தாடிக்கொம்பு நெருங்கியதும் "அகரத்துக்குத் திருப்புங்க பாய்" என்றாள்.

பழனிக்குமார் சீட்டில் நெளிந்தான். "வேணாம் தங்கச்சி. உன் காலுல விழுறேன். அதான் அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டேன்ல?"

"அவுக முன்னாடி சொல்லலையே" என்றாள். பாய் வண்டியைத் திருப்பினார்.

அய்யம்மாள் வீட்டு முன்னால் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி போன பிறகு நல்லுசாமி திருப்பூருக்குப் போனவர். ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். எட்டு வருடமாக இந்த வீட்டில் அய்யம்மாள் தனியாகத்தான் இருந்தாள். ஏஞ்சலினைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது.

"நீயா? எந்த முகத்த வச்சுக்கிட்டுடி என் வாசல்ல வந்து நிக்கிற?"

ஏஞ்சலின் பழனிக்குமாரை விட்டு விலகி நின்றாள்.

அவன் சொன்னான். திக்கித் திணறி, பாதியில் நிறுத்தி, பாய் செருமியதும் மறுபடி தொடங்கி, முழுவதையும் சொன்னான். அய்யம்மாள் கையில் கட்டும் நார் அப்படியே நின்றது. அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

"அந்த மனுசன்ட்ட சொல்லு. அவருதான அங்க கம்பெனி கேட்டுல உக்காந்து கெடக்காரு."

அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். போனின் அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போகும் சத்தம் கேட்டது. பிறகு நல்லுசாமியின் குரல்: "அய்யம்மா, அந்தப் பிள்ளை வந்திருக்கா?"

"நிக்கிறாக."

"குடிக்கத் தண்ணி குடுத்தியா?"

அய்யம்மாள் உடைந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். ஏஞ்சலின் கையில் கொடுத்து, அவள் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, பேச்சுக்கு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்:

"எத்தனை பிள்ளைக தாயி உனக்கு?"

இந்தக் கேள்விக்கு எட்டு வருடமாக ஏஞ்சலின் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். இதே பெண்ணின் முகத்தில் வீசுவதற்கு என்று ராத்திரியெல்லாம் தீட்டி வைத்த பதில். அதை இப்போது சொல்லலாம்.

"குடுத்து வைக்கலம்மா" என்றாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பதிலை அவள் காரில்தான் சொன்னாள். திண்டுக்கல் மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில், முன்சீட்டில் இருந்தவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு மண்ணு விழுந்தப்ப எனக்கு அஞ்சு மாசம். உங்களுக்குத் தெரியும். பன்னெண்டாம் நாளு அது போயிருச்சு. அது உங்களுக்குத் தெரியாது. இருந்திருந்தா இப்ப ரெண்டாப்புப் படிக்கும்."

பழனிக்குமார் திரும்பவில்லை. அவன் தோள் குலுங்கியது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா... மன்னிச்சிரு..."

"மன்னிக்கச் சொல்லி நான் சொல்லல. தெரிஞ்சுக்கிடணும்னுதான் சொன்னேன். இத்தனை வருசம் இத நான் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தேன். இனிமே நீங்களும் வச்சிருங்க."

பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

கஸ்பார் வாசலிலேயே காத்திருந்தான். பழனிக்குமார் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நத்தம் ரோட்டில் மறைந்ததைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை நிப்பானா?"

"நின்னா பாய் வருவாரு. அது அவுக ரெண்டு பேரு பாடு."

"சரி, உனக்கு மனசு ஆறிருச்சா?"

ஏஞ்சலின் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை, அதுவும் இவனிடம்.

"பாதி ஆறிருச்சு."

"மீதி?"

"அது என்கிட்டயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் மூடிவைத்த டிபன் டப்பாவைத் திறந்து, நின்ற இடத்திலேயே பசியோடு சாப்பிடத் தொடங்கினாள்.